வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

“ஊத்திக்கக் கூடாதுன்னா கூடாது, இன்னிக்கு ஒரு நாளைக்கு இவ தலை நனையவே கூடாது…”

“எண்ணெ வச்சாச்சே, வச்ச தலைய இன்னா பண்ணச் சொல்றாரு, வெள்ளிக்கெழம அதுவுமா எண்ணெ வழிய உக்காத்தி வச்சினு…”

“ஈரத் தலையோட எவனாச்சும் பாத்தான்னா, அந்தச் சாவுக்குத்தான் முழுவினான்னு…”

“எண்ணெத் தலையோட எவளாச்சும் பாத்தா மட்டும்? சேதி வந்திச்சு, எண்ணெக் கிண்ணத்த அப்பிடியே வச்சிட்டா, ஒறவு இல்லாமயா வச்சான்னு கேக்க மாட்டாளா…”

இரண்டு குரலுக்கும் நடுவில், கிணற்றடியில் போட்ட மணைப்பலகையில் பூங்காவனம் உட்கார்ந்திருந்தாள், எண்ணெய் காதோரம் இறங்கிக் கழுத்து மடிப்பில் தேங்கி நின்றது, துடைக்கலாம், துடைத்தால் அதற்கும் ஒரு அர்த்தம் சொல்லுவார்களோ என்னவோ, இருக்கட்டும்… வலது பக்கம் கட்டினவன் ஜெயராமன், இடது பக்கம் பெற்றவள் நாகம்மாள், தலை மட்டும் அவளுடையது, அதை நனைப்பதா வேண்டாமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை, சிரிக்க முடியாத வேடிக்கை, இந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசி இன்றைக்குத்தான் பார்க்கிறாள். மாமியார் மருமகப்பிள்ளையோடு முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் அவர்களில் கிடையாது. அண்ணன் தசரதன் பெற்ற தாயை வேண்டாம் என்று சொல்லி, அம்மா இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து, கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேச்சு, சாப்பிட வராரான்னு கேளு, வண்டி மாட்டுக்குத் தவிடு தீந்துபோச்சுன்னு சொல்லு… அவரும் தூணைப் பார்த்துக்கொண்டு, ஆவட்டும்னு சொல்லு என்பார். இரண்டு பேர் சொல்வதையும் எடுத்து எடுத்துக் கொடுத்து அவள் வாயே ஒரு கதவு மாதிரி ஆகிவிட்டது. இன்றைக்கு அந்தக் கதவு வேண்டியிருக்கவில்லை. அம்மா வெளியே வந்து நிற்கிறாள், மருமகனைப் பார்த்தே பேசுகிறாள், என்றாலும் பாவம், பழக்கம் விடவில்லை, ‘சொல்றாரு’ என்று மூன்றாம் மனிதராக வைத்துத்தான் சண்டை போடுகிறாள்.

காலையில் ஒன்றும் இல்லை, எல்லா வெள்ளிக்கிழமையும் மாதிரிதான். சாயங்காலம் காட்டுப்பாக்கத்திலிருந்து சம்பந்தி வீட்டார் இங்கே பாரிவாக்கத்துக்கு வருகிறார்கள், மகள் வரலட்சுமிக்குப் பூ வைக்க, அதனால் அம்மா கொஞ்சம் முன்னதாகவே எண்ணெயைக் காய்ச்சி எடுத்து வந்து, உக்காரு, நீ முழுவிட்டு வந்தாத்தானே பொண்ணுக்கு ஊத்த முடியும் என்று உச்சியில் வைத்தாள். அப்போதுதான் தெருவில் துலுக்கானத்தின் குரல். சாவுச் சேதி சொல்ல வருகிறவன் உறவுக்காரன் வாசலில்தான் நின்று சொல்லுவான், மற்ற வாசல்களைத் தாண்டிப் போய்விடுவான், மற்றவர்களுக்குச் சேதி தானாகப் போய்ச் சேர்ந்துகொள்ளும். துலுக்கானம் அவர்கள் வாசலில் நின்றான். நின்று, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லா உறவு வாசலிலும் சொல்லுகிற மாதிரியே சொன்னான், “நசரத்பேட்ட பரந்தாமன் நாயக்கரு பூட்டாரும்மா, பொழுது சாய எடுக்கறாங்க.” ஜெயராமன் பாய்ந்துகொண்டு போனது இங்கே கிணற்றடிக்குக் கேட்டது, இங்க எதுக்குடா வந்து சொல்றே என்றது கேட்டது, அவன் தலையைச் சொரிந்திருப்பான், “வரிசையா சொல்லினு வரேன் சாமி, வாயில வந்திடுச்சு,” என்றான். வாயில் வந்துவிட்டதா? அப்படியும் வருமா? இல்லை யாராவது சொல்லி அனுப்பினார்களா, பாரிவாக்கத்தில் அந்த வீட்டு வாசலிலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்று… போகிற நேரத்தில் அவரே சொன்னாரா? யாரைப் போய்க் கேட்பது. எதிர் வீட்டில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் கையில் வாளியோடு அப்படியே நின்றாளாம், வரலட்சுமி உள்ளே ஓடி வந்து சொன்னாள்.

ஆனால் பூங்காவனம் யோசித்துக்கொண்டிருந்தது துலுக்கானத்தையோ எதிர் வீட்டுக்காரியையோ அல்ல, அம்மாவின் கையை. சேதி வந்தபோது அந்தக் கை அவள் தலையில் இருந்ததே, உச்சியில் விரல்களை ஊன்றித் தேய்த்துக்கொண்டிருந்ததே, பரந்தாமன் என்ற பெயர் தெருவிலிருந்து வந்தபோது அந்த விரல்கள் நின்றனவா? நின்ற மாதிரியும் இருக்கிறது. நிற்காமல் இன்னும் அழுத்தித் தேய்த்த மாதிரியும் இருக்கிறது. தன் தலைதானே, தன் தோல்தானே, அதற்குத் தெரியாதா… திரும்பத் திரும்ப அந்த ஒரு கணத்துக்குப் போய்ப் பார்க்கிறாள், ஒவ்வொரு தடவையும் கை வேறு மாதிரி நடந்துகொள்கிறது. திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பார்த்தால் என்ன தெரிந்துவிடுமோ என்றா? எதுவும் தெரியாமல் போய்விடுமோ என்றா?

“அந்த ஊர் சங்காத்தமே வேணாம்னு தல முழுவிட்டுத்தானே கட்டிகினு வந்தேன்,” ஜெயராமன் இப்போது அவளைப் பார்த்துச் சொன்னான், “மறுபடியும் எதுக்குத் தல முழுவணும்ன்றே?”

அவள் ஒன்றும் சொல்லவே இல்லையே. சொல்லாததற்குப் பதில் வருகிறது. தலை முழுகுவது, எப்படிப்பட்ட சொல் பார், செத்தவன் சொந்தக்காரன் என்றால் தலை முழுக வேண்டும், இருக்கிறவன் சொந்தம் வேண்டாம் என்றால் அவனைத் தலைமுழுகிவிட்டேன் என்று சொல்ல வேண்டும், ஒட்டுவதற்கும் அதே தண்ணீர், வெட்டுவதற்கும் அதே தண்ணீர், நடுவில் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மயிர் கமழ ஊற்றிக்கொள்கிறோமே, அது எதற்கும் இல்லாத தண்ணீர், வெறும் தண்ணீர். இன்றைக்கு எந்தத் தண்ணீர்? பார்க்கிறவர்களுக்கு மூன்றும் ஒரே ஈரமாகத்தான் தெரியும். இவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இரண்டு பேரும் மூடப் பார்ப்பது ஒரே பானையைத்தான், ஆளுக்கு ஒரு மூடியை வைத்துக்கொண்டு சண்டை.

பானைக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. நின்று போன பேச்சுகள்தான் அவளுக்குத் தெரியும். நசரத்பேட்டையில் சின்னப் பெண்ணாக இருந்தபோது நாற்று நடுகிற இடத்துக்குப் போவாள், பெண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், அதானே, அந்த நாகம்மா… என்று வந்து, இவளைப் பார்த்ததும், நாத்து கொஞ்சம் தள்ளி வைடி என்று முடியும். நாகம்மா என்பதற்கும் நாற்று என்பதற்கும் நடுவில் இருந்த வெற்றிடம்தான் அவள் கேட்டு வளர்ந்த கதை. மற்றப் பிள்ளைகள் கதை கேட்கக் கூடி உட்காருவார்கள், அவள் போனால் கதை எழுந்துபோய்விடும். அப்படியே ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஒரு நாள் அதுவாகவே விளங்கியது, அம்மாவும் பரந்தாமன் நாயக்கரும். எப்போதிலிருந்து? அதுதான் ஒட்டவில்லை. அவள் பிறந்த பிறகா, பிறப்பதற்கு முன்னாலா… அந்த ஒரு துண்டுத் துணி மட்டும் எந்த ஒட்டிலும் கிடைக்கவில்லை.

நைனா என்று அவள் கூப்பிட்ட அப்பாவுக்கும் பரந்தாமன் நாயக்கருக்கும் ஒரே கிணறு, பாதிப் பாதிப் பங்கு, ஒரே ஏற்றம். மேலே ஏற்ற மரத்தில் நைனா சின்னசாமி முன்னும் பின்னுமாக நடந்து மிதிக்க, கீழே அவர் நின்று கழியில் கட்டிய சால் பாத்திரத்தைப் பிடித்துக் கவிழ்க்க, இப்படித்தான் இரண்டு பேர் நிலத்துக்கும் தண்ணீர். எப்போதோ, அவளுக்குப் பால்பல் விழாத வயதில், இரண்டு பேரும் சேர்ந்து பாடினது காதில் இருக்கிறது, மேலிருந்து ஒரு அடி, கீழிருந்து ஒரு அடி, ஏற்றத்தில் பாட்டு இல்லாவிட்டால் மூச்சு ஒத்து வராது என்பார்கள். பிறகு கஞ்சிக் கலயத்தோடு அவள் போன நாட்களில் பாட்டு கிடையாது. பக்கத்துக் கொல்லைகளிலிருந்தெல்லாம் ஏற்றப் பாட்டு வரும், அவர்கள் கிணற்றில் மரம் மட்டும் முனகும். பேச்சு அறுந்துபோயிற்று, பயிர் அறுந்துபோகவில்லையே, அதற்குத் தண்ணீர் வேண்டுமே, நைனா மிதிப்பார், அவர் கவிழ்ப்பார், இரண்டு வாயும் மூடியிருக்கும், எண்ணிக்கை மட்டும் எப்படியோ ஒத்துப்போகும். கீழே நிற்கிறவன் கழியை ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்தால் போதும், மேலே நடக்கிறவன் கிணற்றுக்குள். அது நைனாவுக்குத் தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு விடியலும் அந்த மரத்தில் ஏறினார். மேலே போகிறவன் ஒரு மிதி முன்னதாகத் திரும்பினால் கீழே இருப்பவன் மண்டையில் சால். அது அவருக்கும் தெரியும். அவரும் அங்கேயே நின்றார். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது பகையா, அதற்கு என்னதான் பெயர்… அப்படி ஒருவரை ஒருவர் நம்பின மனிதர்களை அவள் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை.

நைனா வீட்டில் கையை ஓங்கினதில்லை, கத்தினதில்லை. ஆனால் ‘உன் பொண்ணு’ என்பார். உன் பொண்ணு சாப்ட்டுச்சா, உன் பொண்ணுக்கு ஜொரம் விட்டுச்சா, உன் பொண்ணுக்கு வளையல்காரன் வந்துகீறான் பாரு. தசரதன் என்றால் ‘எம்புள்ள’. அவ்வளவுதான் வித்தியாசம், ஒரு எழுத்து, இரண்டு எழுத்து. ஜுரம் வந்தால் வைத்தியர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினவரும் அவர்தான், தோளில் போட்டுக்கொண்டு ஓடினபோதும் வைத்தியரிடம், நாகம்மா பொண்ணுங்க, ராத்திரி பூரா அனத்திச்சு என்றுதான் சொன்னார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது வாய் தவறி ‘எம்பொண்ணு’ என்று வந்துவிடாதா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்த வயசு ஒன்று இருந்தது. துலுக்கானத்துக்கு வாய் தவறுகிறது, நைனாவுக்குத் தவறவே இல்லை.

அவர் இறந்தபோது, ஆவடியில் பட்டாளத்துக் கேம்பு வருவதற்கு முந்தின வருஷம் அது, இங்கிருந்து போனாள், மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், மற்றப் பெண்கள் தலைக்கு ஊற்றிக்கொள்ளும்போது அவளும் குடத்தைத் தூக்கினாள். தசரதன் பக்கத்தில் வந்தான். சத்தம் போடவில்லை, யாருக்கும் கேட்கவில்லை, அதுதான் அவன் செய்த நல்லது. “ஒனக்கு இன்னா தீட்டு,” என்றான். அவ்வளவு மெதுவாக, தங்கை பசியாக இருக்கிறாளா என்று விசாரிக்கிற மாதிரி. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, காய்ந்த தலையோடு ஊர் திரும்பினாள். அன்றைக்கு வராத தீட்டு அன்றைக்கே கழிந்ததா, இன்னும் மேலேயே இருக்கிறதா… அந்த அப்பனுக்கு ஊற்றிக்கொள்ள அண்ணன் விடவில்லை. இந்த… இவருக்கு ஊற்றிக்கொள்ளப் புருஷன் விடவில்லை. இரண்டு சாவிலும் தலை காய்ந்தே இருக்கிற பெண் ஊரில் வேறு யாராவது இருப்பார்களா?

“பூங்காவனம், இன்னும் ஊத்திக்கலியா நீ?”

வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு சைனம்பு. கையில் ஒரு முறம், அதில் வெற்றிலைக்கொடியிலிருந்து பறித்த இளம் வெற்றிலை, சாயங்காலத் தட்டுக்கென்று பூங்காவனம் நேற்றே கேட்டிருந்தாள். குரலைக் கேட்டதும் சண்டை அப்படியே அமுங்கியது, அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள், ஜெயராமன் கிணற்றுக் கயிற்றில் இல்லாத முடிச்சு ஒன்றைத் தேடினான்.

“சேதி சொல்லினு போனானே,” சைனம்பு வேலி மேல் முறத்தை வைத்தாள், “யாரோ பெரியவரு மவுத்தா பூட்டாராம். உங்களுக்கு ஒறவா?”

“இல்ல,” என்றான் ஜெயராமன். “ஊர்க்காரரு,” என்றாள் நாகம்மாள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. சைனம்பு இரண்டு பேரையும் பார்க்கவில்லை, இவளைத்தான் பார்த்தாள், கேட்டது இவளை. நல்ல மனுஷி, உள்ளே ஒன்றும் வைத்துக் கேட்கிறவள் இல்லை, அதனாலேயே அந்தக் கண்ணுக்கு முன்னால் சும்மா இருக்க முடியவில்லை. என்ன சொல்வது. ஊரில் எல்லோரையும் கூப்பிட ஒரு முறை இருக்கிறது, மாமா, சித்தப்பா, அண்ணன், பெரியப்பா, வண்ணானுக்கும் நாவிதனுக்கும்கூட ஒரு முறை வைத்துக் கூப்பிடுகிறோம், அந்த ஒரு மனிதருக்கு மட்டும் அவள் வாயில் முறையே வைக்கப்படவில்லை. வரலட்சுமி கைக்குழந்தையாக இருந்தபோது பூந்தமல்லிச் சந்தையில் எதிர்ப்பட்டார், தலையில் கீரைக்கட்டு. நல்லா கீறியா என்றார். கீறேன் என்றாள். கீறேன் மாமா என்றோ, கீறேன் நைனா என்றோ, பின்னால் ஒட்ட ஒன்றும் இல்லாமல் அந்தச் சொல் மொட்டையாக நின்றது. கொயந்த இன்னா என்றார். பொண்ணு என்றாள். ஆ, என்றார், கீரைக்கட்டை இறக்கி வைக்கப் போகிற மாதிரி ஒரு கையை மேலே கொண்டுபோனார், இறக்கவில்லை, வெயிலு ஏறுதே, பொண்ண மூடிக்கோ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பொண்ண மூடிக்கோ. உன் பொண்ணு என்று சொல்லவில்லை, பொண்ணு என்றுதான் சொன்னார்… இதிலெல்லாம் ஏதாவது இருக்கிறதா, இல்லை, காய்ந்த வாய்க்காலில் ஈரம் தேடுகிறோமா?

“கெணத்துப் பங்காளி,” என்றாள் பூங்காவனம்.

சொன்ன பிறகுதான் கேட்டது. பங்காளி. கிணற்றில் பங்கு உள்ளவர் என்றுதான் சொன்னாள், ஊர் பேசுகிற பேச்சுதான் அது, பத்திரத்தில்கூட அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் சாவு விழுந்த அன்றைக்குப் பங்காளி என்றால் அதற்கு வேறு காது. ஒரே ரத்தம், ஒரே தீட்டு. ஜெயராமன் கையிலிருந்த கயிறு நழுவி வாளி கிணற்றுக்குள் போய் விழுந்தது. சைனம்பு, அப்பிடியா, நல்ல மனுசன் போல, என்று சொல்லி முறத்தை வேலி மேலேயே விட்டுவிட்டுப் போனாள். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. தெரிந்தும் இருக்கலாம்.

“பங்காளி,” என்றான் ஜெயராமன். பல்லுக்குள் வைத்து மென்று பார்க்கிற மாதிரி சொன்னான். “நல்லா வந்துச்சு வாயில.” துண்டை உதறித் தோளில் போட்டான். பழம், தேங்காய், பூ வாங்கப் பூந்தமல்லி போக வேண்டும், வண்டி பூட்ட வேண்டும், நேரமாகிறது. இரண்டு எட்டு வைத்தவன் திரும்பினான். “ஒனக்கு யாரு இன்னா ஆவணும்னு எனக்குத் தெரியாது. ஒங்கம்மாளையே கேட்டுக்கோ. தீட்டுன்னா நான் காட்டுப்பாக்கத்துல போயி வராதீங்கன்னு சொல்றேன், தீட்டு இல்லேன்னா பூ வாங்கினு வரேன். ஆலமரத்தாண்ட மாட்ட நிறுத்திகினு கீறேன், பொண்ணு கிட்ட சொல்லி அனுப்பு.”

போய்விட்டான். இத்தனை வருஷத்தில் இதை அவன் சொன்னதே இல்லை. பெண் பார்க்க வந்தபோதே யாரோ சொல்லியிருப்பார்கள், தெரிந்துதான் கட்டினான், தெரிந்துதான் அம்மாவையும் வீட்டில் வைத்தான், ஒரு நாளும் குத்திக் காட்டினதில்லை, குழம்பில் உப்பு கூடினால் கத்துகிற மனிதன் இதில் மட்டும் வாயைத் திறந்ததில்லை. எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டுதான் அவனோடு இத்தனை நாளும் படுத்து எழுந்தாள். பெரிய மனசுதானா? இல்லை, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று பரணில் வைத்திருந்தானா? அதையும் தப்பு சொல்ல முடியாது, பெண்ணைப் பெற்றவன், மாப்பிள்ளையாக வரப்போகிற பிள்ளைக்கு ஆவடி கேம்பில் ஸ்டோர் வேலை, மெட்ராஸில் குண்டு விழும் என்று ஓடி வந்தவர்களெல்லாம் கூட அந்தப் பையனைக் கண் வைத்திருக்கிறார்கள், இன்றைக்குப் பூ நின்றால் பிறகு வைப்பார்களா? தீட்டு என்று சொல்லி அனுப்பினால் யாருடைய தீட்டு என்று சம்பந்தியம்மாள் கேட்பாள், கேட்காமல் இருப்பாளா. சொன்னால் அத்தோடு சரி. சொல்லாமல் பூவை வைத்துவிட்டால்… நிஜமாகவே தீட்டாக இருந்துவிட்டால்… அப்பன் பிணம் எடுக்காமல் கிடக்கும்போது அவன் பேத்தி தலையில் பூ வைத்ததாக ஆகாதா, அந்தத் தாலி நிலைக்குமா, நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒன்று என்றால் அது இன்றைக்கு மணையில் வாய் மூடி உட்கார்ந்திருந்ததால் என்று ஆகாதா? நம்புகிறாளா இதையெல்லாம்? நம்பவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், வரலட்சுமியின் கழுத்தை நினைக்காத வரைக்கும்.

கேட்டுவிடலாம். பின்னால் இருப்பவள் அம்மாதான். ஒரே வார்த்தை. ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. ஆனால் அந்த வார்த்தையை எப்படி உருட்டுவது, நான் யாருக்குப் பொறந்தேன் என்று ஒரு பெண் தாயைக் கேட்பதற்குத் தமிழில் வசவு மட்டும்தான் இருக்கிறது, கேள்வியே இல்லை, சந்தையில் சண்டை போடுகிறவர்கள் அடுத்தவளைப் பார்த்துக் கேட்பது அது. அதே வார்த்தையை மெதுவாகச் சொன்னால் மட்டும் வசவு இல்லாமல் போய்விடுமா? அம்மாவுக்கும் தெரியாமல் இருந்தால்? அப்படியும் இருக்கலாமே, இது அவளுக்கு இப்போதுதான் தோன்றியது, அம்மாவே ஒவ்வொரு நாளும் இவள் முகத்தைப் பார்த்துத் தேடியிருக்கலாமே, இவள் நைனாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி… ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக அதையே தேடிக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி கேட்காமல்.

“எம்மா, வெந்நீ காஞ்சிடுச்சு, எடுத்தாரட்டா?” உள்ளேயிருந்து வரலட்சுமி.

“அடுப்பத் தணிச்சிட்டு நீ போயி பின்னல அவுத்துக்கோ,” என்றாள் நாகம்மாள், “நான் பாத்துக்கறேன்.” பிறகு குனிந்து சீயக்காய்க் கிண்ணத்தில் விரலை விட்டுக் குழைத்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி இருந்தது, பூங்காவனம் அந்த நொடி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது தேய்த்துவிட்டால் அலசித்தான் ஆக வேண்டும், அப்புறம் ஆலமரத்துக்கு என்ன சொல்லி அனுப்புவது… சொரசொரவென்று சீயக்காய் உச்சியில் விழுந்தது. அம்மாவின் விரல்கள். வயதாகிவிட்டது, எலும்பு தெரிகிறது ஒவ்வொரு தேய்ப்பிலும். அந்த ஊரில் பொழுது சாய எடுக்கப் போகிறார்கள், அவர் மனைவி மூலையில் உட்கார்ந்திருப்பாள், பெண்கள் சுற்றிக் கட்டிக்கொண்டு அழுவார்கள், அந்தக் கூட்டத்தில் இந்த விரல்களுக்கு இடம் கிடையாது. அம்மா ஒரு செம்புத் தண்ணீர் தன் தலையில் ஊற்றிக்கொள்ள முடியாது, யாருக்கு என்று கேட்பார்கள். அழ முடியாது. முகத்தைக் கொஞ்சம் தொங்கவிடக்கூட மருமகன் வீட்டில் ஒரு மூலை கிடையாது. என்ன வேகமாகத் தேய்க்கிறாள்… எண்ணெய் வச்ச தலையை என்ன பண்ணுவது என்று கதவை விட்டு வெளியே வந்து சண்டை போட்டாளே, எண்ணெய்க்காகவா அந்தச் சண்டை?

“கண்ண மூடிக்கோ. எரியும்.”

மூடிக்கொண்டாள். மூடியதும் உலகம் ஒரேயடியாகக் காதுக்கு வந்துவிட்டது. தெருக்கோடியில் ஆவடிக்குச் செங்கல் ஏற்றிப் போகும் லாரி, எங்கேயோ வண்டி மாடு கழுத்தை ஆட்டுகிற மணி, அது ஜெயராமனுடையதாகவும் இருக்கலாம், அம்மா எழுந்து போகிற காலடி. அடுப்படிப் பக்கம் போகிறதா? கிணற்றுப் பக்கம் போகிறதா? உருளை ஒரு தடவை கிறீச்சிட்டது. வெந்நீரில் விளாவுவதற்குப் பச்சைத் தண்ணீர் வேண்டும்தானே, எப்போதும் மொள்ளுவதுதான், அடுத்தது அடுப்படிக்குப் போவாள், அண்டாவில் செம்பு மோதுகிற சத்தம் கேட்கும். கேட்கவில்லை. காலடி நேராகத் திரும்பி வந்தது. பின்னால் நின்றது. ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை, அம்மாவின் மூச்சு மட்டும், கிணற்றடியில் இத்தனை சமீபத்தில் அதை அவள் கேட்டதே இல்லை.

தண்ணீர் விழுந்தது, உச்சியில், ஒரே வீச்சில், முழுக் குடம், முதுகுத்தண்டு வரைக்கும் ஐஸாக இறங்கி, மணைப்பலகையைச் சுற்றி ஓடியது. எண்ணெய்த் தலைக்குப் பச்சைத் தண்ணீரை யாரும் ஊற்றமாட்டார்கள், எண்ணெய் போகாது, சளி பிடிக்கும். சாவுக்குத்தான் யாரும் தண்ணீரைச் சுட வைப்பதில்லை. கிழவிக்கு மறந்துபோயிற்றா, பதற்றத்தில் கை மாறிவிட்டதா, கண் சரியாகத் தெரிவதில்லை என்று போன மாதம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்… சீயக்காய் இமைக்குள் இறங்கி எரிந்தது, கண்ணைத் திறக்க முடியவில்லை, திறந்தாலும் திரும்பிப் பார்த்திருப்பாளா என்பது சந்தேகம்தான். கையை மட்டும் பின்னால் நீட்டித் துழாவினாள், அம்மாவின் புடவை கையில் பட்டது, அதுவும் நனைந்திருந்தது, தெறித்து நனைந்ததா தெரியவில்லை.

“யம்மா… வெந்நீ அடுப்பு மேலயே கீதே, நீ இன்னாத்த ஊத்தினே?” என்றாள் பூங்காவனம்.